முழுகாமல் இருப்பவளுக்கு ஸ்டீம் பாத்

போன சனிக்கிழமை, இரண்டு கால்களிலும் எண்ணெய் சொட்டச் சொட்ட, ஒரு கண்ணாடிக் கதவை உடைக்கப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயதில். அதுவும் ஸ்பாவில்!

ஆமாம், திண்டுக்கல்லில் ஸ்பாவுக்கும் போகிறோம். கீழே பிரியாணிக் கடை, மேல் மாடியில் ஸ்பா. பாதிப் படி வரை சீரகச் சம்பா வாசனை, அதற்கு மேல் லாவெண்டர். நடுப்படியில் நின்றால் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்றே தெரியாது.

போனது என் மகள் நித்யாவுக்காக. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இப்போது சின்னாளப்பட்டியில் எங்களோடு இருந்து லேப்டாப்பில் பார்க்கிறாள். நாலாம் மாதம். நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு வலி. "மசாஜ் பண்ணிக்கிறேம்மா, மாசமா இருக்கவங்களுக்குன்னே தனியா பண்றாங்களாம்" என்றாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "மென்மையா பண்ணிக்கலாம். சூடு மட்டும் ஆகாது. ஸ்டீம் பக்கமே போக வேண்டாம்" என்றார். நித்யா மீட்டிங்கில் இருந்தாள். "நீயே எல்லாத்தையும் சொல்லி புக் பண்ணிரும்மா" என்று கையை ஆட்டிவிட்டாள்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதில்தான் வினை.

போன வருடமும் ஒன்று தங்கியது. சந்தோஷத்தில் ஸ்டாஃப் ரூம், காய்கறிக் கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். மூன்றாம் மாதம் கலைந்துபோனது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? கண்ணு பட்டுருச்சு" என்றார்கள் சொந்தக்காரர்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் என் காதில் தங்கியது சொந்தக்காரர்கள் சொன்னது. இந்த முறை வாய்க்குப் பூட்டு. அதுவும் திண்டுக்கல் பூட்டு.

ஸ்பாவுக்குப் போன் செய்தபோது பக்கத்து வீட்டம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, நாசூக்காகச் சொன்னேன்: "என் மக முழுகாம இருக்கா. பாத்துச் செய்யணும்மா."

எதிர்முனையில் இளம் குரல். நெய்க்காரப்பட்டிப் பெண் என்று பிறகு தெரிந்தது. "அதனால என்னங்கம்மா? இங்கயே எல்லா வசதியும் இருக்குதுங்க. நாங்க பாத்துக்கறோமுங்க."

என்ன பொறுப்பு! நெகிழ்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை போனோம். நித்யா காதில் மீட்டிங்கோடு, அந்தப் பெண் நீட்டிய டேப்லெட்டில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். தொளதொள சுடிதார், வயிறு தெரியவில்லை. கூட வந்தவருக்குக் கால் மசாஜ் இலவசமாம். எனக்கும் எண்ணெய் பூசினார்கள். பத்து நிமிடம் சொர்க்கம்...

நெய்க்காரப்பட்டிப் பெண் வந்தாள். "கவலப்படாதீங்கம்மா. அக்காவ மொதல்ல தலைக்கு ஊத்திக் குளிக்கச் சொல்லியிருக்கேனுங்க."

"அவ குளிச்சுட்டுத்தானம்மா வந்தா?"

"நீங்கதானுங்களே போன்ல, முழுகாம இருக்காங்கன்னீங்க? பாவம், வேலை ஜாஸ்தியாட்ட, எத்தனை நாள் ஆச்சோன்னு நெனச்சேனுங்க. அழுக்கு நல்லா எறங்கட்டும்னு ஸ்டீம் பாத்தும் சேத்துப் போட்டுட்டேன்!"

ஸ்டீம்!

எழுந்தேன். ஓடினேன். டைல்ஸில் வழுக்கி, சுவரைப் பிடித்து, மெழுகுவத்தி ஒன்றைத் தட்டிவிட்டு ஓடினேன். கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி, ஆள் இருப்பதே தெரியவில்லை. கைப்பிடியோ, காலைத் தொட்ட எண்ணெய்க் கைக்குப் பிடிபடவில்லை. "நித்யா! வெளிய வாடி!" என்று இரண்டு கைகளாலும் அறைந்தேன். கதவுக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று போர்டு. எங்கிருந்தோ புல்லாங்குழல் இசை.

பக்கத்து அறைத் திரை விலகியது. தலையில் துண்டு, கையில் இளநீரோடு நித்யா. "ஏம்மா இப்படிக் கத்துற? இங்க இருக்கேன்ல!"

பக்கத்தில் மசாஜ் செய்யும் ரீனா. அசாம்காரப் பெண். "மா, ஸ்டீம் நோ" என்றாள். தன் அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். "அக்கா கை இங்க வச்சா. நான் கேட்டேன் — பேபி? அக்கா சொன்னா — எஸ்."

அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த தமிழ் முப்பது சொல் இருக்கும். நான் இருபத்தேழு வருடமாகப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள்!

நித்யா மெதுவாகச் சொன்னாள்: "ஸ்டீம்ல உக்காரச் சொல்லியிருக்குன்னாங்க. நீதான் எல்லாம் சொல்லிட்டியே, கூடாதுன்னா அனுப்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். இவங்க கேக்கலேன்னா போயிருப்பேம்மா."

அந்த வாக்கியம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூடத் திடுக்கிடுகிறது.

நெய்க்காரப்பட்டிப் பெண் அழுதேவிட்டாள். "முழுகாமன்னா அதுங்களா? சத்தியமா தெரியாதுங்கம்மா. கன்சீவா இருக்காங்கன்னு தமிழ்லயே சொல்லியிருக்கலாமுங்களே!"

யாரைக் கோபிப்பது? சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல் — 'கால் கழுவி வந்தேன்' என்று எத்தனை வகுப்புகளில் நானே உதாரணம் கொடுத்திருக்கிறேன்! எதிரே இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் ஏன் நடத்தாமல் விட்டேன்?

மசாஜ் நடந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, ரீனா தடவத் தடவ நித்யா குறட்டையே விட்டாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல். உலகத்திலேயே ஸ்பாவில் டென்ஷன் ஏறி வீடு திரும்பியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸ்டீமுக்குள் அவள் காலே வைக்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை டாக்டரிடம் இழுத்துப் போனேன். துடிப்பைக் கேட்கவைத்தார். என்னுடையதைவிட வேகமாக அடித்தது. குடும்பக் குணம்!

திரும்பும்போது சின்னாளப்பட்டி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கண்டக்டரிடம் சொன்னேன், பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில்: "என் மக கர்ப்பமா இருக்கா. நாலு மாசம். உக்கார ஒரு சீட் வேணும்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மூன்று பேர் எழுந்தார்கள். நித்யா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஏத்தா டீச்சரு, இதையா இம்புட்டுச் சத்தமாச் சொல்லுவாக? கண்ணு பட்டுரும்ல!" என்றார் பின்சீட்டு அம்மா.

கண் பட்டால் உப்பு மிளகாய் சுற்றிப் போடலாம். காதில் படாவிட்டால்?