கோட்டுக்குப் பின்னால் போன கதை

சுதந்திரம் வந்து எட்டு வருஷமாகியும், எங்கள் செங்கல்பட்டு காலேஜில் பெண்கள் லெக்சரர் பின்னால்தான் வகுப்புக்குள் நுழைய வேண்டும்.

இன்று கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சை. சார் வரும் மகாபலிபுரம் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். பையன்கள் உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள். நானும் கமலாவும் வராந்தாவில் வெந்துகொண்டிருந்தோம்.

லேப் அட்டெண்டர் காதர் பாய் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, இங்கயே நின்னுகினு கீறீங்க?”

“சார் வரலையே, பாய்.”

உள்ளே போய், ஆணியில் தொங்கிய சாரின் கோட்டை எடுத்துவந்தார். “சாரு வரல, அவரு கோட்டு கீது. பின்னாலயே வாங்க.”

கோட்டு முன்னே, நாங்கள் பின்னே. பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், கோட்டுக்கு!

சார் வந்தபோது, பரீட்சைக்குக் கொடுத்த உப்பு இன்னதென்று நாங்கள் கண்டுபிடித்தாயிற்று. நடந்ததைக் கேட்டுச் சிரித்தவர், “நாளையிலேர்ந்து கோட்டும் வேணாம், நீங்களே வந்துடுங்க” என்றார்.

உங்கள் காலேஜில் இன்னும் எந்தக் கோட்டுக்குப் பின்னால் போகிறீர்கள்?