வெர்னாவும் மஞ்சள் காதுக்காரியும்

எட்டாம் எண் கூடாரத்து ஆள் பல் துலக்கப் போன நேரம் பார்த்து, அவனுடைய நெருப்புக் குழிக்குள் வெறுங்கையை விட்டுத் துழாவுகிறாள் வெர்னா. தணல் அணைந்ததா என்று அவள் கை சொன்னால்தான் நம்புவாள். இன்று சூடில்லை; பிசுபிசுக்கிறது. முகர்ந்து பார்க்கிறாள். பன்றிக்கறி வறுத்த கொழுப்பு.

மேற்கு வர்ஜீனிய மலையில் உள்ள இந்த மாநிலப் பூங்காவில், பதினோரு கோடைகளாக அவள்தான் முகாம் காவல். சம்பளம் இல்லை, தன் வண்டிவீட்டை நிறுத்திக்கொள்ள இடம் உண்டு, அவ்வளவுதான். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய தொண்டை. பற்பசையை வெளியே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு விடிந்ததும் அர்ச்சனை நடக்கும். கொழுப்பை நெருப்பில் ஊற்றினால் எரிந்துபோகும் என்று நம்பாத ஓர் ஆளை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"அது எரியாது தம்பி, மண்ணுல ஊறும்," என்கிறாள், பல் பிரஷோடு திரும்பிய டெரிக்கிடம். "அவ மூக்குக்கு மூணு மைலுக்கு அந்தாண்டயே மணக்கும்."

"எவ மூக்குக்கும்மா?"

காதில் மஞ்சள் பட்டை மாட்டிய பெண்கரடி. போன வருடம் குப்பைத்தொட்டியில் பிடிபட்டு, தொலைவில் விடப்பட்டு, நாற்பது மைல் நடந்தே திரும்பிவிட்டது. இனி முகாமுக்குள் கால் வைத்தால் சுட்டுவிட உத்தரவு.

குழியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெர்னா மண்வெட்டி எடுக்கப் போகிறாள். திரும்பினால், குழியோரம் அதுவே நிற்கிறது. பத்தே எட்டுத் தூரம். பின்னங்கால்களில் எழுகிறது, எழுந்துகொண்டே இருக்கிறது. பனி அதன் ரோமத்தில் முத்துமுத்தாக நிற்கிறது. அது மூச்சிழுப்பது கேட்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் வெர்னாவுக்கு மண்டியிடத் தோன்றும்.

"கடவுளே, என்ன அழகு!" டெரிக்கின் வாயில் பற்பசை நுரை வழிகிறது.

வெர்னா குனிந்து கல்லை எடுக்கிறாள்.

"ஓடுடீ! வெக்கங்கெட்டவளே, உனக்கு இங்க என்னடி வேல?"

முதல் கல் தோளில் விழுந்த சத்தம் கேட்கிறது. இரண்டாவது விலாவில். கரடி உஸ்ஸென்று சீறி, சரிவில் புதர்கள் முறிய ஓடி மறைகிறது.

"ஐயோ பாவம், அது என்னம்மா பண்ணிச்சு?"

"கல்லடி நாலு நாள்ல ஆறிடும் தம்பி. குண்டு ஆறாது."

பாதையில் பூங்கா அதிகாரியின் வண்டி வந்து நிற்கிறது. கோய் தலையை நீட்டுகிறான்.

"கத்தல் வாசல் வரைக்கும் கேட்டுச்சே வெர்னா. அது வந்துச்சா?"

"இந்தப் பையன் கொழுப்ப ஊத்தித் தொலச்சிட்டான். அதான் வாங்கு வாங்குன்னு வாங்கினேன்."

டெரிக் ஆமென்று தலையாட்டுகிறான். கோய் கதவைத் திறந்து இறங்குகிறான். குழியோரத்து ஈரமண்ணில் ஐந்து விரலும் நகமும் பதிந்து கிடக்கின்றன. வெர்னா டெரிக்கின் மடக்கு நாற்காலியை இழுத்து, அவன் கண்ணில் படுமுன் அந்தத் தடத்தின்மேல் போட்டு, இரண்டு கால்களையும் அகல ஊன்றி உட்காருகிறாள்.