மருந்தில்லாத தண்ணீர்

எனக்கு முதலில் வந்தது இருமல் இல்லை, குளிர். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில். பக்கத்தில் இருந்த பெண் தன் பையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். என் கை அவ்வளவு நடுங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து படுத்ததும் காய்ச்சல் ஏறியது. வறட்டு இருமலும் வயிற்றுப்போக்கும் பிறகு வந்தன. தெருமுனை டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அப்போது பாதித் தெரு காய்ச்சலில் கிடந்தது. ஆனால் ஒருநாள் காலையில் என் மனைவி ஷகிலாவிடம், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, முதல் பக்கத்தை முடிக்கவேண்டும் என்று சொன்னேனாம். நாளிதழ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. அதற்கு மேல் அவள் காத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா (நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்வது) என்றார்கள். ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வழக்கமாகக் கேட்கும் மருந்து அது. எனக்குக் கேட்கவில்லை. வெள்ளை இடது பக்கமும் பரவியது. ஆக்சிஜன் முகமூடி போட்டார்கள். அதுவும் போதாமல் போனால் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் (மூச்சை நமக்குப் பதிலாக விடும் எந்திரம்) வைக்கவேண்டியிருக்கும் என்று ஷகிலாவிடம் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் அவளுடைய தம்பி அன்வரை அறிமுகப்படுத்தவேண்டும்.

அன்வர் செங்கல்பட்டில் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தவன். பிறகு திருவிடந்தையில், சவுக்குத் தோப்பை ஒட்டி, வார இறுதிக்காரர்களுக்காக ஒரு சிறிய விடுதி கட்டினான். அதன் பின்புறத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. பலர் சேர்ந்து உட்காரலாம். அடியிலிருந்து காற்று பீறிட்டு நீர் நுரைத்துக்கொண்டே இருக்கும். மூடிவிட்ட ஏதோ ஓட்டலிலிருந்து வாங்கி வந்தது. தொட்டிக்கு மேலே பச்சை எழுத்தில் ஒரு பலகை: ‘மருந்தில்லாத தண்ணீர்.’

நம்மிடையே மருந்து என்ற சொல் படாத பாடு படுகிறது. காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, கரப்பானுக்கு வைப்பதும் மருந்து, கீரைக்கு அடிப்பதும் மருந்து, குடிநீரில் கலக்கும் குளோரினும் மருந்து. மருந்தடிக்காத கீரை என்று எழுதி வைத்தால் அடுக்குமாடிக்காரர்கள் காரை நிறுத்தி இறங்குகிறார்கள். அன்வர் அதைக் கவனித்தான். கீரைக்கு நல்லது தண்ணீருக்கும் நல்லது என்று முடிவு செய்தான். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிழைப்பவர்களை நாளிதழில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே யாரையும் அந்தச் சொல்லுக்குள் இறங்கி உட்காரச் சொல்வதில்லை.

குளோரினுக்குப் பதிலாக அவன் போட்டவை: ஒரு துணி மூட்டையில் வேப்பிலை, தலையணை அளவுக்கு வெட்டிவேர், நைலான் கயிற்றில் தொங்கும் ஒரு செம்புத் தகடு. நீர் கலங்கினால் படிகாரம். சாம்பார் வைப்பவர்கள்கூட இதைவிட யோசித்துப் போடுவார்கள்.

எனக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்பு நாங்கள் போயிருந்தபோது ஷகிலா அதில் இறங்கவில்லை. ஊர் மொத்தமும் உட்கார்ந்து எழுந்த தண்ணீரில் தான் உட்காரமுடியாது என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கப் போனாள். அவளுடைய சுத்த உணர்ச்சியை நானும் அன்வரும் சேர்ந்து கிண்டல் செய்தோம். நான் இறங்கினேன்.

“பாரு மச்சான், கண்ணாடி மாரி கீது,” என்றான் அன்வர். “நல்லா குனிஞ்சி வாசன புடி. இதுல எவனுக்கு இன்னா வரும்?”

குனிந்து, நுரைக்கு மேலே முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். வெட்டிவேர் வாசனை நன்றாகத்தான் இருந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்ததை ஷகிலா பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். மருந்து ஏன் கேட்கவில்லை என்று யோசித்த பெண் மருத்துவர், அண்மையில் வெளியூர் போனாரா, ஏதாவது ஓட்டலில் தங்கினாரா என்று அவளிடம் விசாரித்தார். அவள் தொட்டியைச் சொன்னாள். ஃபிளாஸ்க்கில் துளசித் தண்ணீரோடு பக்கத்தில் நின்ற அன்வருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நம்ம தண்ணில மருந்தே கெடையாது டாக்டர். ஒரு சொட்டு போட்டதில்ல. கேரண்டி.”

“போட்டதே இல்லையா?”

“சத்தியமா.”

“தண்ணிய எப்ப மாத்துவீங்க?”

“எதுக்கு மாத்தணும்? தெளிவாதான கீது?”

“ரொம்ப தேங்க்ஸ். இதுதான் எனக்கு வேணும்,” என்று சொல்லிவிட்டு மருத்துவர் வேகமாக உள்ளே போனார். டாக்டரம்மா விஷயம் தெரிந்தவர் என்று அன்வர் தன் அக்காவிடம் மெச்சிக்கொண்டான்.

சிறுநீரைச் சோதித்தார்கள். லெஜியோனெல்லா (வெதுவெதுப்பான நீரில் பெருகும் பாக்டீரியா; நீர்த்திவலையோடு மூச்சில் ஏறும்) என்று வந்தது. இது நுரையீரலின் செல்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வதால் முதலில் கொடுத்த மருந்து அதை எட்டவில்லை. எட்டும் மருந்துக்கு மாற்றினார்கள். குழாய் இறக்கவேண்டிய நிலை வரவில்லை. ஒரு முட்டாளின் பெருமை என் உயிரைக் காப்பாற்றியது. அவன் கொஞ்சம் வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால் நான் இல்லை.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கும் அருகில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்ல எனக்கு அதிகமில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். எந்த நீரில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இயற்கை முறையில் அந்த நீரைக் காக்கமுடியுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். படிகாரம் கலங்கலைப் படியவைக்கும். தெளிவு என்பது கண்ணுக்கு, நுரையீரலுக்கு அல்ல. வேப்பிலையும் வெட்டிவேரும் ஊறி அழுகிக் கிருமிக்குத் தீனியாகும். செம்புக்குக் கொஞ்சம் சக்தி உண்டு. குடத்தில் மூடி வைத்த குடிநீருக்கு அது உதவலாம். வருகிறவர்களின் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்துகொண்டே இருக்கும் வெந்நீருக்குப் போதாது. புற ஊதா விளக்கும் ஓசோனும் தங்கள் வழியாகக் கடந்துபோகும் நீரைச் சுத்தம் செய்யும், தொட்டியில் காவலுக்கு நிற்காது. நிற்பது குளோரின் அல்லது புரோமின். சூட்டில் அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால் அடிக்கடி அளந்து பார்க்கவேண்டும். எதையும் கலக்கக்கூடாது என்றால் ஒரே வழிதான்: சாதாரணக் குளியல் தொட்டி போல, ஒருவர் எழுந்ததும் முழு நீரையும் கொட்டிக் கழுவவேண்டும். இயற்கை விரும்பிகள் யாரும் அதற்குத் தயாரில்லை. அவர்களுக்கு வேண்டியது வாசனை.

வீடு திரும்பிய பிறகு அன்வர் வந்தான். நான் நாற்காலியில் இருந்தேன். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து நீரை எடுத்துப் போனதாகவும், இப்போது குளோரின் போட ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“போர்டு மட்டும் இருக்கட்டும்னு பாக்குறேன் மச்சான். அதப் பாத்துதான் ஆளு வர்றாங்கோ.”

ஷகிலா சமையலறையிலிருந்து வந்தாள்.

“இருக்கட்டும் நைனா. அதுக்குக் கீழயே உன் மச்சான் போட்டோவயும் மாட்டு. மாஸ்க்கோட எடுத்தது என் போன்ல கீது, அனுப்புறேன்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அனுப்பிவிட்டாள். அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். பலகை மறுநாள் இறங்கியது. தொட்டியையும் காயப்போட்டுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிரித்த குழாய்களின் உட்சுவரில் பழுப்பாக, வழவழவென்று படலம் (கிருமிகள் கூடிக் கட்டிக்கொள்ளும் குடியிருப்பு) இருந்ததாம். கண்ணாடி போன்ற தண்ணீர் அதன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

எக்ஸ்ரேயில் வெள்ளை போய்விட்டது. ஆள் முழுதாகத் திரும்பி வரவில்லை. எங்கள் மாடிப்படி இரண்டாகிவிட்டது: நான் மூச்சு வாங்க நிற்கும் இடம் வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. முன்பு நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தேன். இப்போது எவ்வளவு பேசலாம், எந்தச் சொல்லில் நிற்கலாம் என்று மூச்சைப் பார்த்துத்தான் நேரம் தெரிகிறது.

காலையில் குழாயைத் திறந்தால் சில நாட்களில் குளோரின் வாடை வருகிறது. பக்கத்து வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு, தண்ணியில மருந்த கொட்டிட்டாங்க என்று திட்டுவது கேட்கும். நான் குழாயருகே நின்று மூச்சை இழுக்கிறேன். முக்கால்வாசி தூரம் போய் அது நின்றுவிடுகிறது. முன்பு எதுவரை போனது என்று எனக்குத் தெரியாது. அதை அப்போது கவனித்ததே இல்லை.