தார் ரோடு முடிகிற இடத்தில் கழற்றும் ராடு

மேடு இல்லாத ஊரில்

மட்டாஞ்சேரியில் வண்டி ஏறிப் பார்க்க மேடு என்று ஒன்று கிடையாது. அதனால் அன்னம்மா சேச்சி தன் வண்டியை வர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, "இது மலை ஏற மாட்டேங்குது" என்று சொன்னபோது, அதை இங்கே எப்படிச் சோதிப்பது என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பஜார் ரோட்டுக்குப் பின்னால், காயலை ஒட்டியிருந்த பாப்பச்சன் சேட்டனின் வர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். மிளகும் சுக்கும் ஏற்றுகிற லாரிகள்தான் எங்கள் பிழைப்பு. வாப்பா காலத்திலேயே எங்கள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வண்டிக்கு அடியில் இரண்டும் கலந்த ஒரு பாஷை.

அன்னம்மா சேச்சிக்கு வண்டிப்பெரியார் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். கணவர் இறந்த பிறகு தோட்டத்தைத் தானே நடத்தினார், வண்டியையும் தானே ஓட்டினார். தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் கம்பம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களிடம் பேசிப் பழகிய தமிழில்தான் என்னிடமும் பேசுவார். பழைய ஜீப் ஓய்ந்துபோனதால், துறைமுகத்தில் ஏலம் போட்ட ஒரு வெளிநாட்டு ஃபோர் வீல் வண்டியை எடுத்திருந்தார். நல்ல உயரம், பெரிய எஞ்சின். பார்த்தால் எந்த மலையையும் ஏறும் போலத்தான் இருந்தது.

"பழைய ஜீப்பு ஏறின வழியில இது நிக்குது சாகுலே. முன்னாடி ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்துது, வண்டி நகராது. அந்த வழிக்கு மேலதான் எங்க ஆளுங்க குடியிருக்கிற லயம். மழை தொடங்கினா ஆசுபத்திரிக்கு ஒருத்தரைக் கொண்டுபோக வேற வண்டி இல்லை."

மலையில் இருந்த மெக்கானிக்குகள் கிளட்ச் பிளேட்டை மாற்றியிருந்தார்கள், டயரை மாற்றியிருந்தார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன். எஞ்சினில் குறை இல்லை. ஃபோர் வீல் கியர் சரியாக விழுந்தது. நோயே இல்லாத வண்டி ஏன் ஏறவில்லை என்ற கேள்வி அன்று மதியச் சோற்றைக்கூட நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

சாக்குச் சோதனை

வேறு வழி தெரியாமல், பக்கத்தில் ரிப்பேருக்கு நின்ற ஒரு ஜீப்புக்கு அடியிலும் இந்த வண்டிக்கு அடியிலும் மாறி மாறிப் படுத்துப் பார்த்தேன். இரண்டிலும் பட்டை ஸ்பிரிங்தான். ஆனால் புது வண்டியில், முன் ஆக்சிலுக்குப் பக்கத்தில், ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை வளைந்த கம்பி ஒன்று ஓடியது. பெருவிரல் கனம் இருக்கும். நடுவில் சேஸிஸோடு ரப்பர் புஷ் போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு நுனியும் லிங்க் என்கிற குட்டை இணைப்புக் கம்பி வழியாக ஆக்சிலைப் பிடித்திருந்தன. ஜீப்பில் அது இல்லை.

"அது ஸ்டெபிலைசர் ராடு" என்றார் பாப்பச்சன் சேட்டன். "வளவுல வண்டி சாயாம இருக்கிறதுக்கு."

வளைவில் சாயாமல் பிடிக்கிற ராடு, மேட்டில் என்ன செய்யும்? அன்னம்மா சேச்சியும் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மேடு இல்லைன்னா நாம ஒண்ணு உண்டாக்கலாமே" என்றார்.

உண்டாக்கினோம். பக்கத்து குடோனிலிருந்து மரச் சட்டங்களை வாங்கி அடுக்கி, இடது முன் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினேன். வலது முன் சக்கரம் தரையில்தான் இருந்தது. ஆனால் அதில் எடை இருக்கிறதா? பார்த்துத் தெரியாது. அதற்கும் சேச்சிதான் வழி சொன்னார். சட்டத்தில் ஏற்றும் முன்பே வலது டயருக்கு அடியில் ஒரு காலி மிளகுச் சாக்கை விரித்துவைத்து, ஏற்றிய பிறகு இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். சாக்கு கையோடு வந்துவிட்டது. டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிர, மிதிக்கவில்லை.

ராடைக் கழற்றிவிட்டு மறுபடி அதே மாதிரி ஏற்றினேன். இந்த முறை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் சாக்கு அசையவில்லை.

ஒரு சக்கரம் மேலே போனால் மற்றதையும் மேலே இழுப்பதுதான் அந்த ராடின் வேலை. தார் ரோட்டு வளைவில் அது வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும். பாறையும் பள்ளமும் மாறி மாறி வருகிற வழியில், பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய சக்கரத்தை அதே ராடு இறங்க விடாது. எஞ்சினின் சக்தி முழுவதும் அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்துக்குப் போய் வீணாகும்.

"அப்ப கழட்டியே கொடு" என்றார் சேச்சி.

பாப்பச்சன் சேட்டன் சம்மதிக்கவில்லை. "கம்பெனிக்காரன் சும்மா வச்சதல்ல. கழட்டிக் கொடுத்து எங்கேயாவது வண்டி மறிஞ்சு கவுந்தா ஆரு பதில் சொல்லும்?"

"மேல ஏற முடியாம ஒருத்தி செத்தா ஆரு பதில் சொல்லும்?" என்று சேச்சி கேட்டார். சத்தம் போடவில்லை. கடைசியில் சேட்டன் என்னைப் பார்த்து, "ராடும் போல்ட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். நீயும் கூடப் போயிட்டு வா" என்றார்.

கொண்டை ஊசி வளைவு

மலையில் வண்டி நான் நினைத்ததைவிட நன்றாக ஏறியது. நான் வெளியே நடந்துகொண்டே சக்கரங்களைப் பார்த்தேன். ஒன்று பாறைமேல் ஏறும்போது மற்றொன்று தானாகக் குழிக்குள் கால் நீட்டுவதுபோல் இறங்கியது. லயத்து வாசலில் கூடிய பெண்கள் சிரித்துக்கொண்டே டயரைத் தட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி இறங்கியபோதுதான் விஷயம் வந்தது. மறுநாள் சந்தை என்பதால் தோட்டத்துப் பெண்கள் சிலர் குமுளிக்குப் போகப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மேலே கேரியரில் ஏலக்காய் மூட்டைகள். மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கியது, சேச்சி கொஞ்சம் வேகம் எடுத்தார். முதல் கொண்டை ஊசியில் சக்கரங்கள் திரும்பின, வண்டியின் உடம்பு திரும்பவில்லை. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. நான் டேஷ்போர்டைப் பிடித்தேன். பின்னாலிருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். சேச்சி பிரேக்கை மெல்ல விட்டு விட்டு அழுத்தி, ஸ்டியரிங்கை நிமிர்த்தி, மலைப்பக்க ஓடையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

யாருக்கும் அடி இல்லை. சேச்சி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். பிறகு, "எல்லாரும் இறங்குங்க. சாகுலே, ராடை மாட்டு" என்றார்.

டயர்களுக்குக் கல் வைத்துவிட்டு நான் முன்பக்கம் அடியில் நுழைந்தேன். தூறல் தொடங்கியிருந்தது. நடுவில் புஷ்களைக் கட்டினேன், இடது லிங்கின் போல்ட் உடனே நுழைந்தது. வலது பக்கம் ராடின் துளை ஓரிடத்தில், லிங்கின் துளை வேறிடத்தில். ஒரு சாண் இருக்கும் இடைவெளி. ரோடு சரிவு, ஒரு சக்கரம் ஓடை ஓரத்தில். வண்டி கோணலாக நிற்கும்போது ராடு எப்படி நேராகச் சேரும்? கடப்பாரை போட்டுத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அந்த ஈர மண்ணில் ஜாக்கி வைக்க எனக்குத் துணிவில்லை.

மூட்டைகளோடு, இந்தப் பெண்களோடு, இருட்டுவதற்குள் என்ன செய்வது என்று யோசித்தபோது பேச்சியம்மா குனிந்து பார்த்தார். லயத்துப் பெண்களில் மூத்தவர், நல்ல கனத்த உடம்பு.

"எங்கிட்டு அமுங்கணும்னு சொல்லுங்க தம்பி. நாங்க ஏறி நிக்கிறோம்."

வலது பக்கம் என்றேன். "அக்கா, யாரும் அடியில தலையை விடக்கூடாது, கை மட்டும்தான்" என்று எனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, நான் வெளியே வந்து சக்கர வளைவின் வழியாகக் கையை விட்டேன். பெண்கள் ஒவ்வொருவராக முன் பம்பரின் வலது முனையில் ஏறினார்கள். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. துளை நெருங்கியது, இன்னும் நெருங்கியது, பிறகு தாண்டிப் போய்விட்டது.

"ஒரு ஆள் இறங்கணும்."

"நீ இறங்குடி" என்று பேச்சியம்மா இருப்பதிலேயே ஒல்லியான பெண்ணைத் தள்ளினார். துளைகள் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்து நின்றன. போல்ட் போய் உட்கார்ந்தது. அந்தப் பெண்கள் நனைந்துகொண்டே கைதட்டினார்கள்.

அடுத்த வளைவில் வண்டி சமர்த்தாகத் திரும்பியது. குமுளி வரை சேச்சி ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தே ஓட்டினார். சந்தை வாசலில் பெண்களை இறக்கிவிட்ட பிறகு, "கழட்டினாலும் தப்பு, மாட்டினாலும் தப்பு. அப்படின்னா நடுவுல ஒண்ணு வேணும்" என்றார்.

பின்

கொச்சிக்குத் திரும்பியதும் லேத்துக்காரரிடம் போனேன். போல்ட்டுக்குப் பதிலாக, ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே உருவக்கூடிய பின் இரண்டு கடைந்து வாங்கினேன். விழுந்துவிடாமல் இருக்க நுனியில் ஒரு கிளிப். கழற்றிய ராடை மேலே தூக்கி மாட்டிவைக்க சேஸிஸில் ஒரு கொக்கி. வண்டி சமமாக நிற்கிற இடத்தில்தான் பின்னைப் போட வேண்டும் என்று சேச்சியிடம் சொல்லிக் கொடுத்தேன். பாப்பச்சன் சேட்டன் பின்னை உருவிப் போட்டு, உருவிப் போட்டு நெடுநேரம் விளையாடிக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலம் முடிந்து ஒரு வேலையாக நான் தோட்டத்துக்குப் போனேன். தார் ரோடு முடிகிற சமதரையில் சேச்சி வண்டியை நிறுத்தினார். பேச்சியம்மா இறங்கி, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பின்னை உருவப் போனார். உருவியவர் என்னைக் கேட்டார்.

"தம்பி, ஒரு பக்கம் கழட்டினாலே கம்பி சும்மாதான தொங்குது. அப்பறம் எதுக்கு ரெண்டு பக்கமும் கழட்டச் சொன்னீங்க?"

அவர் சொன்னது சரி. ஒரு நுனி விட்டாலே ராடு வேலை செய்யாது. இரண்டையும் ஏன் கழற்றச் சொன்னேன்? சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் படுத்தேன். பேச்சியம்மாவும் பக்கத்தில் முழங்கால் போட்டுக் குனிந்தார். சேச்சியை ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கச் சொன்னேன். சக்கரத்தோடு திரும்பிய பிரேக் ஹோஸ், அந்த ரப்பர் குழாய், கழற்றிய நுனிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மறு நுனி ஆக்சிலோடு கட்டியிருந்ததால் ராடைத் தூக்கிக் கொக்கியில் மாட்டவும் முடியவில்லை. பாறை வழியில் ஆக்சில் ஆட ஆட, அந்த நுனி ஹோஸை அறுத்துவிடும். அதை விரலால் தொட்டுக் காட்டினேன்.

பேச்சியம்மா ஹோஸைத் தடவிப் பார்த்தார். "இது அறுந்தா?"

"பிரேக் பிடிக்காது."

"அப்ப ரெண்டும் கழட்டுறேன்" என்று மறுபக்கம் போனார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இத்தனை நாளும் முனகாம கழட்டியிருப்பேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளில் எதையெதையோ கழற்றியிருக்கிறேன், மாட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பாகத்தைத் தொடும் முன் அது எந்த ரோட்டுக்காக வைத்தது என்று பாருங்கள். வண்டியை ஓட்டப்போகிறவர்களுக்கு வேலையை மட்டும் சொல்லாதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். நாம் இல்லாத மலையில் அந்தப் பின்னை உருவப்போவது அவர்கள்தான்.