வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து

ஆம்பூரில் நான் வெப்சைட் செய்துகொடுத்த முதலாளிகள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் சோதித்துப் பார்ப்பார்கள். தேடுபொறியைத் திறந்து, தங்கள் கம்பெனியின் பெயரை எழுத்துப் பிசகாமல் முழுசாக அடிப்பார்கள். முதல் வரியிலேயே வந்து நிற்கும். உடனே முகத்தில் ஒரு சிரிப்பு. பெயர் தெரிந்தவன் எதற்குத் தேடப்போகிறான், உங்கள் பெயரையே கேள்விப்படாத வெளிநாட்டுக்காரன் என்ன அடித்துத் தேடுவான் என்று கேட்டால் சிரிப்பு போய்விடும். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் கூடவே போய்விடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து ஆம்பூரில் இறங்குவேன். அம்மா வேலூரில் நர்ஸ். நானும் ஆஸ்பத்திரி வேலைக்கு வராமல், கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு கையுறை முதலாளியிடம் வேலை செய்த நாட்களில் அம்மா சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

அவர் ஒரு பெரிய ஃபேக்டரியில் இருபது வருடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, பைபாஸ் ஓரமாகச் சொந்த ஷெட் போட்டவர். வெல்டிங் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தோல் கையுறைதான் சரக்கு. பதினெட்டுப் பெண்கள் மெஷினில் உட்கார்ந்து தைத்தார்கள். ஆர்டர் முழுவதும் சென்னையில் இருந்த ஓர் ஏஜெண்ட் மூலமாகத்தான் வந்தது. அந்த ஏஜெண்ட், அடுத்த சீசனிலிருந்து பாதி ஆர்டர்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார். பாதி ஆர்டருக்கு ஒன்பது பேர் போதும். மீதி ஒன்பது பேரை நிறுத்த முதலாளிக்கு மனசு வரவில்லை. சீசனுக்குள், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரை நேரடியாகப் பிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் வெப்சைட், அதற்காகத்தான் நான்.

எங்கள் பக்கத்துத் தோல் கம்பெனிகளில் சாம்பிள் ரூம் எப்போதும் பூட்டியிருக்கும். சாவி முதலாளியின் சட்டைப்பையில் இருக்கும். வெளியாள் யாராவது உள்ளே வந்தால், மேஜைமேல் இருப்பதைச் சட்டென்று துணி போட்டு மூடுவார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரன் மாடலைப் பார்த்துவிட்டால் அடுத்த வாரமே அதே போல வெட்டித் தைத்து, விலையைக் குறைத்துக் கொடுத்துவிடுவான் என்று பயம். பயத்தில் தப்பில்லை, அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் வெப்சைட்டையும் சாம்பிள் ரூம் மாதிரியே நடத்தச் சொன்னார்.

போட்டோ கூடாது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இதே கையுறை தைக்கும் எதிர் ஷெட்காரர் பார்த்துவிடுவார். கையுறைக்குப் பெயர் கூடாது, ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி கொடுத்த ஆர்டிகிள் நம்பர் போதும். வெல்டிங் என்ற சொல்லே கூடாது, எந்த மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்துவிடும். எல்லாம் கழித்து மிஞ்சியது ஷெட்டின் வாசல் படம், ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே நானூற்றேழு, நானூற்றெட்டு என்று வரிசையாக எண்கள். பஸ் ரூட் நம்பர் மாதிரி இருந்தது.

நான் சொல்லாத நாளில்லை. தேடுபொறிக்குக் கண் கிடையாது, பக்கத்தில் இருக்கும் எழுத்தைத்தான் அது படிக்கும். நாம் என்ன விற்கிறோம் என்பது பக்கத்தின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். வாங்குகிறவன் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவானோ அந்தச் சொல் உள்ளே இருக்க வேண்டும். வேறு நாலு வெப்சைட்டிலிருந்து நம் பக்கத்துக்கு லிங்க் இருந்தால் இன்னும் நல்லது. மொத்தப் பாடமே அவ்வளவுதான். அதை மூன்று மாதம் சொன்னேன். பொறுமையாகக் கேட்பார், டீ வரவழைப்பார், கடைசியில் “அதெல்லாம் கரெக்ட்டும்மா, போட்டோ மட்டும் வேணாம்” என்பார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எண்ணிக் காட்டும் பெட்டி ஒன்று பக்கத்தின் அடியில் இருந்தது. எண் தினமும் ஏறுகிறதென்று அவருக்கு ஒரே சந்தோஷம். தோண்டிப் பார்த்தால், வந்தவர்கள் எல்லாம் அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான். அவரும் அக்கவுண்டன்ட்டும் காலையில் பூஜை மாதிரி மாற்றி மாற்றித் திறந்து பார்த்திருக்கிறார்கள். நான் அதைச் சொன்னதும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்கிடையில் எதிர் ஷெட்காரரும் ஒரு வெப்சைட் போட்டார். பார்க்கச் சகிக்காது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. ஆனால் அவரிடம் இருந்த அத்தனை கையுறைக்கும் போட்டோ, ஒவ்வொன்றின் கீழும் எந்த வேலைக்கு, எந்தத் தோல், என்ன அளவு என்று வெளிப்படையாக எழுதியிருந்தது. வெல்டிங் கையுறை என்று ஆங்கிலத்தில் அடித்தால் அவர் முதல் பக்கத்தில் வந்தார். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இவன், எல்லாத்தையும் தொறந்து போட்டு வெச்சிருக்கான்” என்று அவருக்காகப் பரிதாபப்பட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினால் மனிதன் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறி மட்டும் படித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். இவருடைய பயத்துக்கும் என் வேலைக்கும் சேர்த்து ஒரே மருந்து. வெல்டிங், தோல், கையுறை, ஆம்பூர் என்று நாற்பது ஐம்பது தடவை வெள்ளையில் எழுதிப் பக்கத்தின் அடியில் தள்ளினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரத்தில் தேடலில் இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டோம். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு தோல் கண்காட்சி. தெரிந்தவர் ஸ்டாலில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, முதலாளி நாலு ஜோடி கையுறையோடு போய் நின்றார். ஒரு ஜெர்மன்காரர் வந்து ஒன்றை மாட்டிப் பார்த்து, கட்டைவிரல் தையலை இழுத்து இழுத்துச் சோதித்தாராம். கார்டை வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்றாராம். திரும்பி வந்தபின் ஒரு வாரம் முழுக்க எங்களுக்கு அந்தக் கட்டைவிரல் கதைதான்.

பிறகு ஒரு நாள் வெப்சைட் காணாமல் போனது. திறந்தால் திறக்கிறது, தேடினால் வரவில்லை. கம்பெனிப் பெயரை முழுசாக அடித்தேன். அதற்கும் வரவில்லை. விசாரித்ததில், ஒளித்து எழுதுவதை ஏமாற்று வேலையாகக் கணக்கில் எடுத்து, அப்படிப்பட்ட பக்கத்தைத் தேடுபொறி மொத்தமாக நீக்கிவிடும் என்று தெரிந்தது. வெள்ளை எழுத்தை அழித்தேன். மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி தேடுபொறிக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை. முதலாளியிடம் சர்வரில் கோளாறு என்று பொய் சொன்னேன். தினமும் காலையில் அவர் கம்பெனிப் பெயரை அடிப்பார், வராது, “சரியாய்டும் இல்லம்மா?” என்பார். ஆய்டும் சார் என்பேன்.

மாதம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் போன் செய்து வரச் சொன்னார். நான் போனபோது ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருந்தார். காலையில் எதிர் ஷெட் வாசலில் ஒரு கார் வந்து நின்றதாம். இறங்கியது அந்த ஜெர்மன்காரர். இந்தப் பக்கம் போர்டைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து வந்து கை கொடுத்திருக்கிறார். கார்டு எங்கோ தொலைந்துவிட்டதாம். நெட்டில் தேடியும் கிடைக்காததால் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நினைத்தாராம். அதன்பிறகு சரக்கின் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்த எதிர் ஷெட்டுக்கே ஆர்டரைக் கொடுத்துவிட்டார்.

“நம்ம பேர ஞாபகம் வெச்சிருக்கான்ம்மா. பேரப் போட்டுதான் தேடியிருக்கான்” என்றார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து சாம்பிள் ரூம் சாவியை எடுத்து மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“அவன் தொறந்து வெச்சான், ஆர்டர் வந்துச்சி. நீ எவ்ளோ வாட்டி சொன்ன. நான்தான் மூடி மூடி வெச்சிக் கெடுத்துட்டேன். எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோ. பேரும் போட்டுக்கோ.”

கதவுக்கு வெளியே பதினெட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. மாதக் கடைசியில் சீசன் முடிந்ததும் ஒன்பது நிற்கப்போகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவர் கெடுக்கவில்லை, கெடுத்தது நான் என்று சொல்ல அது ஒன்றுதான் சமயம். வாய்வரை வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சாம்பிள் ரூமைத் திறந்து, மேஜைமேல் கிடந்த துணியை விலக்கி, நானூற்றேழிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தேன். வெள்ளை எழுத்தைப் பற்றி அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.