மேசைக்கு அடியில் இருந்தவர்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் பெயர் கிடையாது. எல்லோருக்கும் அவர் "சப்போர்ட்". ஒருநாள் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டு அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லையே என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பாரே என்றேன். "ஓ, சப்போர்ட்டா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்," என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

நாலு மாடி இன்சூரன்ஸ் கம்பெனி அது. இவர் உட்காருவது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. உடைந்த கீபோர்டுகளும் வயர்ச் சிக்கலும் போக மிச்ச இடத்தில் ரெண்டு நாற்காலி. யாருக்கு மெயில் வரவில்லையோ, யார் பாஸ்வேர்டை மறந்தார்களோ, யாருடைய பிரிண்டர் பேப்பரைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறதோ, அவர்கள் போன் செய்வார்கள். ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். அது யார் பெயரில் விழுகிறதோ அவர்தான் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் புகார் கொடுத்தவருக்குத் தானாக ஒரு மெயில் போகும். அஞ்சு ஸ்டாரில் எத்தனை என்று போட்டு, மனமிருந்தால் ரெண்டு வரி எழுதலாம். இவருக்கு வருவதெல்லாம் அஞ்சு ஸ்டார்தான். அதைக் காட்டினால் கடையில் கால் கிலோ சர்க்கரைகூடத் தரமாட்டார்கள் என்பதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையில் அவர் அந்தக் கம்பெனியின் ஆளே இல்லை. வேலை வாங்குவது இன்சூரன்ஸ் கம்பெனி, சம்பளம் கொடுப்பது நடுவில் நிற்கும் கான்ட்ராக்ட் கம்பெனி. இவர் தலைக்கென்று அவர்கள் வாங்குவதில் பாதிதான் இவர் கைக்கு வரும். சொந்த ஆட்களுக்கு அடையாள அட்டை நீல நாடாவில் தொங்கும், இவருக்கு மஞ்சள் நாடா. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சில வருடங்களுக்கு ஒருமுறை கான்ட்ராக்ட் கைமாறும். யார் குறைந்த விலை சொல்கிறானோ அவனுக்குப் போகும். அன்றைக்கு இவர் பழைய கம்பெனிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, புதிய கம்பெனியில் புது ஆளாகச் சேர வேண்டும். அதே அறை, அதே நாற்காலி, அதே டெலிபோன். ஆனால் காகிதத்தில் இவர் நேற்று வந்தவர். சம்பள உயர்வு என்று வாயைத் திறந்தால், "நீங்க சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலையே சார்," என்பார்கள். சேருகிறவர்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுப்பார்கள். போன மாதம் வரை எங்கள் வீட்டில் அப்படி மூன்று பாட்டில்கள் இருந்தன. உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று கேட்கிறவர்களுக்கு நான் அவற்றைத்தான் காட்டுவேன்.

இந்த வேலையில் படிகள் உண்டு. போனை எடுத்து மேசை மேசையாக ஓடுவது முதல் படி. சர்வர்களைப் பார்த்துக்கொள்வது ரெண்டாவது படி, சம்பளம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதற்கு மேலேயும் இருக்கிறார்களாம், நாங்கள் பார்த்ததில்லை. ஏற வேண்டுமென்றால் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. ரெண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவிக்கொண்டே இருக்க வேண்டும். இவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் எல்லாம் அப்படித்தான் தாவினார்கள். அதில் ஒருவன் சுருட்டை. அவன் முடிக்காக இவர் வைத்த பெயர் அது. எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான், என்னை அக்கா அக்கா என்று கூப்பிடுவான். அவனும் போய்விட்டான். இவர் மட்டும், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் வருடா வருடம் இவர் தலையில் மிளகாய் அரைத்தார். இவரும் அரைக்க வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

போன வருடம் சர்வர் டீமில் ஓர் இடம் காலியானது. நீல நாடா வேலை. மஞ்சள் நாடாக்காரர்களும் மனுப் போடலாம் என்றார்கள். நாற்பது வயது தாண்டியவர்களை எடுப்பதில்லை என்பது அங்கே விதி. இவருக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. இதை விட்டால் ரிட்டயராகும் வரை பிரிண்டர் வாயிலிருந்து பேப்பர் பிடுங்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வேலைக்கு ஒரு சர்டிபிகேட் பரீட்சை எழுத வேண்டும். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். எனக்கும் சர்வருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. இருந்தாலும் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு நான் கேள்வி கேட்பேன், அவர் காய் நறுக்கியபடி பதில் சொல்வார். ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் தகவல் சாகாமல் இருக்க என்ன செய்து வைக்க வேண்டும் என்று இன்றைக்கும் என்னை எழுப்பிக் கேட்டால் சொல்வேன். முதல் தடவையிலேயே பாஸ் செய்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் ஏமாந்துவிட்டேன்.

இன்டர்வியூ நாளில் இளநீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அங்கே நடந்ததை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். சொல்லாமல் விட்டதை நான் பிடுங்கி வாங்கினேன்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இவர் முறை. கூட வேலை பார்க்கிறவர் அன்றைக்கு லீவு. கீழே தன் அறையில், சட்டை கசங்காமல் இருக்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது. மூன்றாவது மாடி மீட்டிங் ரூமில் வீடியோ கால், படம் வருகிறது, சத்தம் வரவில்லை, அவசரம். இன்டர்வியூ நடக்கும் அறை அதுதான். டிக்கெட் இவர் பெயரில் விழுந்துவிட்டது.

உள்ளே போனால் மூன்று பேர். நடுவில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைவியான பெரிய மேடம். சுவரில் பெரிய திரை. அதில் சுருட்டை, கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். அவனும் இதே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான் என்பது இவருக்கு அப்போதுதான் தெரியும். இவர் நேராக மேசைக்கு அடியில் போனார். யாரோ காலால் உதைத்து ஒரு வயர் பிய்ந்திருந்தது. கீழே ஓடி வேறு வயர் எடுத்து வந்து, மறுபடி மேசைக்கு அடியில் மண்டியிட்டு மாட்டினார். தலைக்கு மேலே அவர்கள் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் வந்தது. சுருட்டை சொன்ன முதல் வார்த்தையே அந்த அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"தேங்க்ஸ், சப்போர்ட்."

"உங்களை அவன் பார்க்கலையோ என்னவோ," என்றேன் நான். பார்த்தான் என்றார். என் கையால் சாப்பிட்டவன்.

அவன் இன்டர்வியூ நீண்டுகொண்டே போனது. இவர் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முழங்காலில் தூசியோடு உள்ளே போனவரைப் பார்த்து மேடம், "இப்ப எல்லாம் சரியா இருக்கே, கூப்பிடலையே," என்றார்கள். நான்தான் அடுத்த ஆள் என்று இவர் சொன்னதும் மூவரும் சிரித்தார்கள். நல்லவிதமாகத்தான் சிரித்தார்கள் என்று சத்தியம் செய்கிறார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள், சொன்னார். சர்வரைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டார்கள், ரெண்டுக்கும் பதில் சொன்னார். பிறகு மேடம் தன் போனை எடுத்து நீட்டி, "வந்ததுதான் வந்தீங்க, இதுல மெயில் ரெண்டு நாளா வர மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்," என்றார்கள். மிச்ச நேரம் முழுக்க இவர் அந்தப் போனைத்தான் பார்த்தார். மேடம் பாஸ்வேர்டு அடித்தபோது வழக்கம் போல முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தொழிலில் அது ஒரு மரியாதை. வீட்டில் நான் போனைத் திறந்தால்கூடத் திரும்பிக்கொள்வார்.

சாயங்காலம் சந்தோஷமாகத்தான் வந்தார்.

"அவங்க சொந்தப் போனையே என்கிட்ட குடுத்துட்டாங்க. நம்பிக்கை இல்லாமலா குடுப்பாங்க?"

"சர்வர் கேள்வி மொத்தமே ரெண்டுதானா?"

"ரெண்டுக்கும் சரியா சொன்னேனே."

"போன் சரியாச்சா?"

"பின்ன? அங்கேயே சரிபண்ணிக் குடுத்துட்டேன்."

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சட்டையைத் துவைக்க எடுத்துப் போனேன். முழங்கால் தூசி பேன்ட்டில்தானே இருந்தது, சட்டையை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை.

முடிவை மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு மேசைக்கு அடியில் பார்த்த வேலைக்கு மேடம் அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார்களாம். கீழே ரெண்டு வரியும் எழுதியிருந்தார்களாம். "இந்த வேலைக்கு இவரை விட்டால் ஆள் கிடையாது. இவரை அங்கிருந்து எடுக்க வேண்டாம்."

"பெரிய பாராட்டுங்க இது," என்றாராம் மேனேஜர். "இவ்வளவு பெரியவங்க கையால எனக்குக்கூட வந்ததில்லை."

இடம் சுருட்டைக்குப் போனது. போன மாதம் இவருக்கு நாற்பது முடிந்தது. அதே வாரம் கான்ட்ராக்டும் கைமாறியது. இவர் மறுபடியும் ராஜினாமா எழுதினார், மறுபடியும் புது ஆளாகச் சேர்ந்தார். சுருட்டை சேருவதும் அந்த வாரம்தான். புது ஆளுக்கு லேப்டாப் தயார் செய்து, மெயில், பிரிண்டர் எல்லாம் போட்டுக் கொடுக்கும் டிக்கெட் யார் பெயரில் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று காலையில் வாசலில் மறித்துச் சொன்னேன். "ஒரே ஒரு தடவை அரைகுறையா செஞ்சுட்டு வாங்க. அவனுக்கு மெயில் வரக் கூடாது. உங்களைத் திட்டி அவன் ரெண்டு வரி எழுதினாத்தான் அந்த ரூமை விட்டு உங்களை வெளியே விடுவாங்க."

"நாற்பது ஆயிடுச்சே, இனிமே விட்டா என்ன, விடலைன்னா என்ன?"

"எனக்காகச் செய்யுங்க."

சரி என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் சரி என்று சொல்லிச் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. அன்று கடையில் எனக்கு பில் ஓடவில்லை. ரெண்டு பேருக்குத் தப்பாகப் போட்டு வசை வாங்கினேன்.

சாயங்காலம் வந்து பையிலிருந்து புது பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். நாலாவது.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். மெயில் வராத மாதிரி விட்டுட்டு எழுந்துட்டேன். லிப்ட்டுக்குக்கூட நிக்கலை, படியில இறங்கிட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டாவது மாடி வரைக்கும் வந்தேன்."

அவராகவே சொன்னார்.

"அவனுக்கு முதல் நாள். மெயில் வரலைன்னா அந்தக் கூட்டத்துல அவன் யார்கிட்ட போய் நிப்பான்? திரும்ப ஏறிப்போய் சரிபண்ணிட்டு வந்துட்டேன்."

மேனேஜர் மேலும் மேடம் மேலும் சுருட்டை மேலும் எனக்கு வராத கோபம் அன்றைக்கு இவர் மேல் வந்தது. அந்த பாட்டிலைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. மற்ற மூன்றோடு அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். பிறகுதான் கேட்டேன்.

"எத்தனை ஸ்டார் போட்டான்?"

"அஞ்சு."

"என்ன எழுதினான்?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த வேலைக்கு இவரை விட்டா ஆள் கிடையாதுன்னு எழுதியிருக்கான்."