நட்டுக்கொண்டே முன்னால் போன சாமி

என் மகன் ஒரு நாட்டை உண்டாக்கி வைத்திருக்கிறான். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலை அவனுக்கு. அந்த வேலை போக மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஊருக்கு ஆறு, மலை, கோயில், சாமி, சாதிசனம் எல்லாம் எழுதினான். சென்னையில் ஒருவர் அதைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். தை மாதம் அச்சு. புரட்டாசியிலேயே அதைத் தாளில் எடுத்துக் கட்டி, என் மடியில் கொண்டுவந்து வைத்தான். முதல் தாளில் என் பெயர். அதன் கீழே, ‘என் அம்மாவுக்கு, அவள் காலடிச் சேற்றுக்கு’ என்று இருந்தது.

“இது என்னடா?”

“சமர்ப்பணம்மா. புத்தகமே உனக்குத்தான்.”

“படிச்சுப் பாக்காம என் பேர எதுலயும் போட விடமாட்டேன். படிச்சிட்டு சொல்றேன், அப்பறம் போடு.”

அவன் சிரித்தான். முந்நூறு பக்கம் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். விரல் ரேகை வைக்கிற அவமானம் போதும் என்று, முப்பது வயதுக்கு மேல் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. ஒரு நாளைக்கு மூன்று பக்கம் ஓடினால் பெரிது. ஆனால் அந்த மூன்று பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் தாண்டிப் போனதில்லை. மெத்தப் படித்தவர்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். அதனால்தான் இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் தப்பித்துக்கொள்கிறது.

அந்த நாட்டில் இரண்டு நிலா. சரி, இருக்கட்டும்.

“ரெண்டு நிலா இருக்குல்ல, எந்த நிலாவுக்குடா அமாவாச விரதம் இருப்பாங்க?” என்று கேட்டேன்.

“அங்க அமாவாசையே கெடையாதும்மா.”

“அப்ப செத்தவங்களுக்கு எப்ப சோறு வைப்பாங்க?”

“செத்தவங்க நாரையாப் பறந்துடுவாங்க. சோறு வேண்டாம்.”

“நாரை நாத்தங்கால்ல எறங்குனா வெரட்டுவாங்களா, இல்ல அப்பன் வந்திருக்கான்னு விட்டுடுவாங்களா?”

“இது நல்லாருக்கும்மா” என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டான். நான் ஏளனமாகக் கேட்டதையும் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டான். இப்படிப்பட்டவனிடம் எதைச் சொல்வது?

அங்கே ஆற்றில் பன்னிரண்டு மாதமும் தண்ணீர். அணை எப்போது திறப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மடையை யார் உடைத்தது என்று ஒருவன்கூட மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. விளைகிறது, அறுக்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். மடைத் தகராறு இல்லாத ஊரில் எவனும் விவசாயம் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நூறாவது பக்கத்தை ஒட்டி அந்த நாட்டுச் சாமி வந்தாள். நெல்லுக்குத் தாய். ஆறு கையிலும் நாற்று முடிச்சு. சூரியனைப் பார்த்தபடி நட்டுக்கொண்டே முன்னால் நடந்து போகிறாள். அந்த வரியைத் திரும்ப இரண்டு தடவை எழுத்துக் கூட்டினேன். அப்படித்தான் எழுதியிருந்தான்.

“ஏன்டா, நடுறவ முன்னாலயா போவா?”

“போனா என்னம்மா?”

“முன்னால போனா நட்டதையெல்லாம் அவளே மிதிச்சுகிட்டுல்ல போவணும்?”

“அவ சாமிம்மா.”

“சாமி மிதிச்சா நாத்து சாவாதா?”

இவனைப் பெற்று மூன்றாம் மாதம் வரப்பில் போட்டுவிட்டு நட்டவள் நான். பின்னால் பின்னால் நகர்ந்து, இவன் கிடந்த வரப்புக்கு வந்து சேரும்போதுதான் பால் கொடுப்பேன். இப்போது எங்கள் பக்கம் நடவுக்கு வடக்கத்தி ஆட்கள் வருகிறார்கள். நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. அவர்களும் பின்னால்தான் போகிறார்கள். என் மகனுக்கு மட்டும் தெரியவில்லை. விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தது நான்தான், வேறு யாரைக் குறை சொல்ல?

அதையாவது மன்னித்திருப்பேன். மார்கழியில் இருநூறாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே சேற்றோர் என்று ஒரு சனம். நடுவது, அறுப்பது, கதிரடிப்பது எல்லாம் அவர்கள். கோயில் மதிலுக்குள் வரமாட்டார்கள். வரக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லையாம். அவர்களாகவே பக்தி மிகுந்து வெளியே நிற்கிறார்களாம். உள்ளே ஏற்றிய விளக்கின் வெளிச்சம் வாசல் வழியாக வந்து விழுகிற மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். அப்போது முகத்தில் ஒரு நிறைவாம். மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தான். அழகாகவே எழுதியிருந்தான். அந்த அழகைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நானும் நின்றிருக்கிறேன். வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில், கோயிலுக்கு முன்னால் ஓடும் வாய்க்கால் மதகுக்கு இந்தப் பக்கம். சுண்டலை இலையோடு மதகுக் கட்டையில் வைத்துவிட்டு, வைத்தவர் நாலடி தள்ளிப் போன பிறகுதான் நாங்கள் எடுக்கலாம். என் முகத்தில் ஒரு நிறைவும் இல்லை. கால் கடுத்தது. சுண்டலில் உப்பு இல்லை. பிறகு எங்கள் ஆட்கள் வழக்குப் போட்டு, அடிபட்டு, அதற்கப்புறம்தான் நாங்கள் கோயிலுக்குள் போனோம். இதையெல்லாம் மகனிடம் நான் சொன்னதில்லை. படிக்கிற பிள்ளை மனதில் அது ஏற வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அது என் பிசகு.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் கூப்பிட்டேன்.

“யாரக் கேட்டு இவங்கள வெளிய நிறுத்துன?”

“கதைம்மா. அந்த நாட்டு வழக்கம்.”

“வழக்கத்த வச்சது யாரு?”

“நான்தான்.”

“நிலாவ ரெண்டாக்குன. செத்தவன நாரையாக்குன. இவங்க உள்ள போக ஒரு வாசல் வைக்க மட்டும் உன்னால ஆவலையா?”

பிறகு மதகையும் சுண்டலையும் சொன்னேன். உட்கார்ந்து கேட்டான்.

“ஏம்மா இத்தன நாளா சொல்லல?”

“சொல்லாமயே எவ்வளவு சரியா நிறுத்திருக்க பாரு.”

“கடைசியில சாமியே வந்து மதில இடிச்சுடும்மா. நீ இன்னும் அங்க வரல. இப்பயே அவங்க உள்ள போயிட்டா மீதி நூறு பக்கம் நிக்காது.”

“எங்களுக்கு எந்தச் சாமியும் வந்து இடிக்கல. மாத்துறதுன்னா மாத்து. இல்லாட்டி என் பேர எடு.”

தை கடைசியில் புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு நிலா. என் கண்ணைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். புரட்டினேன். சாமியைப் பின்னால் நடக்க வைத்துவிட்டான். அவனுக்கு அது சுலபம். சேற்றோர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முதல் பக்கத்தில் என் பெயர் இல்லை. ‘என் மனைவிக்கு’ என்று இருந்தது.

மருமகள் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் எங்கள் சனத்துப் பெண்தான்.

“உனக்குத்தான் சமர்ப்பணமாம். பாத்தியா?”

“ஒரு வார்த்த கேக்கல அத்தை. கேட்டிருந்தா படிச்சாவது பாத்திருப்பேன். நீங்கதான் படிச்சீங்களே, எப்படி இருக்கு?”

“நான் சொல்லமாட்டேன். இருநூறாம் பக்கத்துலேருந்து மூணு பக்கம் படி.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றபடியே படித்தாள். அவள் வேகமாகப் படிக்கிறவள், ஆனால் தாண்டவில்லை. மூன்றாம் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிக் கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

“என்னங்க, அடுத்த தடவ அச்சடிக்கிறப்ப என் பேரயும் எடுத்துடுங்க.”

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அதற்குள் அவள் திரும்பி வந்து மீன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.